சுவடியும் முத்திரையும்: ஒரு நோக்கு

ஞாபகார்த்தத் தபால் முத்திரைகளை விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. கவிதை, நாவல், நாடகம், ஓவியம் என்பன பற்றிப் பல்கலைக்கழக இதழ்களில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வெளிவருகின்றன. முத்திரையோ சேகரிப்போரின் பொழுதுபோக்குப் பொருளென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும், ஓர் அரசு தனது நாட்டின் வரலாற்றில் எவற்றை நினைவுகூரத் தக்கனவெனக் கருதுகின்றது என்பதற்கு முத்திரையைப்போல் வெளிப்படையான சான்று பிறிதொன்றில்லை. தெரிவு செய்யப்பட்ட பொருள் யாது, அது எவ்வாறு காட்டப்படுகின்றது, யார் கையை அடைகின்றது என்னும் மூன்று வினாக்களும் கலைப்படைப்பொன்றை நோக்கி நாம் எழுப்பும் வினாக்களே. முத்திரையை நோக்கியும் அவற்றை எழுப்புதல் தகும்.

இக்கட்டுரை நூலகங்களிற் பேணப்படும் அரிய சுவடிகளைப் பொருளாகக் கொண்ட முத்திரைகளை மட்டும் நோக்குகின்றது. சுவடிக்கு முத்திரை செய்யும் பணி யாது, செய்யத் தவறுவது யாது என்பதே இங்கு ஆராயப்படுவது. இவ்வினா வெறும் அழகியல் வினா அன்று. பொத்துவில் தொடங்கிக் கல்முனை வரை நீளும் எமது கரையோரத்தின் வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பிரதிகளின் கதியோடு அது நேரடித் தொடர்புடையது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

1

இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வெளியானது. அதிற் காணப்பட்டது விக்டோரியா மகாராணியின் முகம். ஆட்சியாளரின் முகத்தைத் தாங்கிப் பிறந்த முத்திரை, சுதந்திரத்தின் பின்னர் நாட்டுப் பெரியாரின் முகங்களைத் தாங்கலாயிற்று. தமிழ்பேசும் மக்களைப் பொறுத்தவரை, 1971 இல் ஆறுமுகநாவலரும் 1977 இல் அறிஞர் எம். சி. சித்திலெப்பையும் 1979 இல் சுவாமி விபுலாநந்தரும் முத்திரையில் இடம்பெற்றமை பெருமைக்குரிய நிகழ்ச்சிகளே.

இம்மூவரையும் ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மூவரும் நூலாலே வாழ்ந்தவர்கள். நாவலர் ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்து அச்சேற்றிய பணியாலே நிலைத்தவர். சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டவர். எமது கரையோரக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர், பழந்தமிழ் நூல்களிற் புதைந்து கிடந்த இசைமரபைத் துருவி 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தவர். நூலுக்காக உழைத்தோரின் முகங்கள் முத்திரையேறின. அவர்கள் கையாண்ட ஏடும் எழுத்தும் பின்னணியில் நின்றன.

இந்தியாவிலும் இப்போக்கையே காண்கின்றோம். 1960 இல் இந்தியத் தபாற்றுறை திருவள்ளுவருக்கு முத்திரை வெளியிட்டது. ஏடும் எழுத்தாணியும் ஏந்திய அவ்வுருவம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் கற்பனையில் உருவானது. வள்ளுவரின் முகத்தைக் கண்டவர் எவருமிலர். திருக்குறள் எழுதப்பட்ட ஓலைகளைக் கண்டவர் பலர். எனினும் அறியப்படாத முகம் முதன்மை பெற, அறியப்பட்ட ஓலை கைப்பொருளாக மட்டும் நின்றது. சங்கநூற் சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையருக்கும் 2006 இல் முத்திரை வெளியாயிற்று. தேடியவர் நினைக்கப்பட்டார். அது நன்றே. ஆயினும் தேடப்பட்ட பொருளை நேராக நினைக்கும் மரபு எங்கே தொடங்குகின்றது?

2

சுவடியை நேரடியாக முத்திரைக்குப் பொருளாக்க முற்படும் வரைஞன் முதலில் எதிர்நோக்குவது வடிவச் சிக்கலாகும். ஓலைச்சுவடி நீண்டு ஒடுங்கியது. அதன் நீளம் சாணளவு முதல் முழத்துக்கு மேலும் இருக்கலாம். அகலமோ இரண்டு மூன்று விரலளவே. முத்திரை அதன் ஓர் ஓரத்தையும் முழுமையாய்க் கொள்ளாது. மேலும், எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மை தடவப்பட்ட பின்னரே கண்ணுக்குத் தெளியும். மையிடாத ஓலை, தூரநின்று நோக்குவோர்க்கு வெற்றோலைதான். இதனால், சுருக்கிக் காட்டியவுடன் வாசிப்புக்குரிய தன்மையை ஓலை இழந்துவிடுகின்றது. எஞ்சுவது பழைமையின் சாயல் மட்டுமே.

பொன்மையும் வண்ண ஓவியமும் கொண்ட கடதாசிச் சுவடிகளுக்கு இவ்விடர் இல்லை. முத்திரையளவிலும் அவை கண்ணைக் கவரும். ஆகவே, எந்த நாட்டிலும் அரண்மனைச் சுவடி முந்திக்கொள்ள, குடியானவன் வீட்டுச் சுவடி பின்தங்குவது இயல்பாகின்றது. அழகுபற்றிய தெரிவுபோலத் தோன்றும் இது, உண்மையிற் சமூகந் தழுவிய தெரிவேயாகும்.

இந்திய ராம்பூர் ரஸா நூலகத்தை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நவாப் பைஸுல்லா கான் 1774 இல் தொடக்கிய இந்நூலகம், 1975 இல் இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தின்வழித் தேசிய நிறுவனமாயிற்று. ஏறத்தாழ 17,000 சுவடிகள் அங்குள்ளன. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களின் கைப்பட எழுதப்பட்டதென மரபு கூறும் குர்ஆன் பிரதியும், ஓவியங்களோடு கூடிய வால்மீகி இராமாயணத்தின் பாரசீக மொழிபெயர்ப்பும் ஒரே கூரையின்கீழ்ப் பேணப்படுகின்றன. 2009 ஜூன் 19 ஆம் திகதி இந்தியத் தபாற்றுறை இந்நூலகத்தின் பேரால் நான்கு முத்திரைகளை வெளியிட்டது. நூலகமொன்றின் கருவூலம் இவ்வாறு மதிக்கப்பட்டமை பாராட்டுக்குரியதே.

ஆனால், அதே நூலகத்தில் 205 ஓலைச்சுவடிகளும் உள்ளன என்பதைப் பலர் அறியார். அவை சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் சிங்களத்திலும் அமைந்தவை. வடஇந்திய நவாப் ஒருவரின் நூலகத்தில் எமது நாட்டின் இரு மொழிகளும் ஓலையில் அருகருகே கிடக்கின்றன. இச்செய்தியை நூலகத்தின் சுவடிப் பட்டியலே எமக்கு உணர்த்துகின்றது. இவ்விடத்தில் முத்திரைக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. முத்திரை, நூலகத்தில் ஒளிவிடும் சிலவற்றைக் காட்டி வியக்கச் செய்கின்றது. பட்டியல், ஒளி குன்றியவற்றையும் இலக்கமிட்டு எண்ணுகின்றது. முன்னையது புகழ், பின்னையது பாதுகாப்பு.

3

முத்திரை புகழோடு நின்றுவிடும் என்பதே எமது முடிபாயின் ஆராய்ச்சியை இங்கேயே நிறுத்திவிடலாம். ஐஸ்லாந்தின் அனுபவம் நம்மை மேலும் சிந்திக்கத் தூண்டுகின்றது.

ஐஸ்லாந்து நீண்டகாலம் டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டிருந்த சிறிய தீவு. அதன் இடைக்காலக் கதைகளும் சட்டங்களும் தோலில் எழுதப்பட்டவை. அவற்றுட் பெரும்பகுதியை ஆர்னி மக்னூசன் (1663–1730) என்னும் அறிஞர் வீடுவீடாகத் தேடித் திரட்டிக் கொப்பன்ஹேகனிற் சேர்த்தார். 1728 இல் அந்நகரைப் பெருந்தீ அழித்தபோது அவரது சேகரத்தில் ஒரு பகுதி எரிந்துபோயிற்று. அரிய தோற்சுவடிகளிற் பெரும்பாலானவை தப்பின. ஐஸ்லாந்து 1944 இல் குடியரசாகியதும், தப்பியவற்றைத் திருப்பித் தருமாறு கோரிக்கை வலுவடைந்தது.

இக்கோரிக்கை எழுந்திருந்த காலத்திலே, 1953 ஒக்டோபர் 1 ஆம் திகதி, ஐஸ்லாந்து ஐந்து முத்திரைகளை வெளியிட்டது. சிலவற்றிற் பழஞ்சுவடிகளின் பக்கங்கள். ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும் கை. இன்னொன்றில் நூல்களும் மெழுகுவர்த்தியும். அரசரில்லை, அறிஞர் முகமில்லை, நூலகக் கட்டடமுமில்லை. எழுதுங் கையையும் வாசிப்புக்குரிய வெளிச்சத்தையும் அம்முத்திரைகள் காட்டின. சுவடி என்பது காட்சிப்பொருளன்று, எழுதப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்த உயிர்ப்பொருள் என்னும் கருத்து இத்தெரிவில் அமைந்துள்ளது. 1970 இல் மீண்டும் சுவடி முத்திரைகள் வெளியாயின. ‘ஃபிளாத்தெயார்போக்’ என்னும் பெருஞ்சுவடியின் பகுதி அவற்றில் இடம்பெற்றது. அச்சுவடி அப்பொழுதும் டென்மார்க்கிலேயே இருந்தது. மறு ஆண்டு, 1971 ஏப்ரல் 21 ஆம் திகதி, டேனியக் கடற்படைக் கப்பலொன்று அதனையும் எட்டாக் கவிதைகளின் மூலச்சுவடியையும் ஏற்றிக்கொண்டு ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தது. மக்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றனர். 1997 இல் இக்கையளிப்பு நிறைவுற்றபோது, 1,807 சுவடிகள் தாயகம் சேர்ந்திருந்தன.

முத்திரையே சுவடிகளைத் திருப்பிக் கொணர்ந்தது என்று கூறுதல் மிகையாகும். அறிஞரின் வாதங்களும் டேனியப் பாராளுமன்றத்தின் சட்டமும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் அதனைச் செய்தன. ஆயினும், முத்திரைக்கும் அம்முயற்சியில் ஒரு பங்குண்டு. கையில் இல்லாத சுவடியை ஒரு நாடு தனது கடிதங்களில் ஒட்டி அனுப்பியது. மீனவன் வீட்டுக்கும் அது சென்றது, கொப்பன்ஹேகனுக்கும் சென்றது. அம்முத்திரை உடைமையைக் கொண்டாடவில்லை, உரிமையைக் கோரியது. ராம்பூர் முத்திரையையும் ஐஸ்லாந்து முத்திரையையும் வேறுபடுத்துவது வரைகலையன்று, இந்நோக்கமே.

காலவேறுபாடும் கருதத்தக்கது. 1953 இல் கடிதம் அன்றாடத் தேவை. ஆதலின் முத்திரை எல்லாருடைய கைகளிலும் புழங்கிற்று. இன்றைய ஞாபகார்த்த முத்திரை வெளியீட்டு விழா மேடையிலிருந்து முதல்நாள் உறைக்கும், அங்கிருந்து சேகரிப்போரின் தொகுப்பேட்டுக்கும் செல்கின்றது. தபாற்கந்தோரின் திகதிக் குறியைக் காணாமலே அதன் வாழ்வு முடிந்துவிடுகின்றது. மக்களைச் சென்றடையும் வாயில் இவ்வாறு சுருங்கிய பின்னர், முத்திரை வெளியிட்டதாலேயே சுவடிக்குரிய கடமை நிறைவேறிவிட்டதென ஒரு நாடு கருதுமாயின், அம்முத்திரை நன்மையிலும் தீமையே மிகுதியாகச் செய்யும்.

4

இனி எமது நாட்டு நிலையை நோக்குவோம். ஹியூ நெவில் என்னும் சிவில் சேவை அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு திரட்டிய 2,227 சுவடிகள், பெரும்பாலும் சிங்கள, பாளி ஏடுகள், இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் 1981 வன்செயலில் தீக்கிரையாயின. 2023 இல் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மகாவம்சச் சுவடி யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. கடல்கடந்து போனவை, எரிந்து போனவை, பேணி மதிக்கப்பட்டவை என இம்மூன்று நிலைகளும் ஒரே நாட்டின் சுவடி வரலாற்றில் அடங்கியுள்ளன. நான்காவது நிலையொன்றும் உண்டு. எந்த நூலகத்துக்கும் போகாது வீட்டுக்குள்ளேயே கிடப்பவை அவை. எமது கரையோரத்தின் செல்வம் பெரும்பாலும் இந்நான்காம் நிலைக்குரியது.

கிழக்கிலங்கையின் பழைய வரலாற்றையும் வழக்குகளையும் கூறும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ எப். எக்ஸ். சி. நடராசாவால் 1962 இல் பதிப்பிக்கப்பட்டது. ‘கண்ணகி வழக்குரை’யை வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்தார். இவை அச்சேறும்வரை ஏடுகளாகவே இப்பிரதேசத்தில் வாழ்ந்தவை. பதிப்பாசிரியர் ஒருவரின் கை பட்டமையால் அவை பிழைத்தன.

முஸ்லிம் ஊர்களின் கையெழுத்துச் செல்வம் வேறொரு வடிவினது. அது பெரும்பாலும் கடதாசியில் அறபுத்தமிழில் எழுதப்பட்டது. மொழி தமிழ், எழுத்து அறபு. அறபிலில்லாத தமிழ் ஒலிகளுக்காக அறபெழுத்துக்களுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய குறிகளை அமைத்துக்கொண்ட முன்னோர், மார்க்கச் சட்டம், ஞானம், வைத்தியம், பாட்டு என்பனவற்றை வலமிருந்து இடமாக எழுதிவைத்தனர். பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஆராய்ச்சித் துறையாக நிலைநாட்டியதன் பயனாக, இம்மரபு இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. ஆயினும் இலக்கிய வரலாற்றில் ஒரு பந்தி கிடைப்பதும், வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பிரதி பிழைப்பதும் ஒன்றல்ல.

இதனைக் கூறுவதற்கு எனது அனுபவமொன்றே காரணமாகும். பொத்துவிலில் உறவினர் வீடொன்றில், எனது உம்மம்மாவின் தகப்பனார் கைப்பட எழுதிய கிதாபு ஒன்று உள்ளது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது அது நனைந்தது. பாயில் விரித்து வெயிலில் உலர்த்தி எடுத்தார்கள். தாள்களின் கீழோரம் முழுவதும் இன்றும் உப்புநீரின் கறை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அதனை வாசிக்க முனைந்தேன். ஓதற்பள்ளியிற் கற்ற எழுத்து எனக்குத் தெரியும்; தமிழ் எனது தாய்மொழி. ஆயினும் முதல் வரியைக் கடக்க அரைமணி நேரம் சென்றது. புள்ளிகளின் முறை பிடிபட்ட பின்னர், இஷாவுக்குப் பின் தொடங்கி நள்ளிரவுக்குள் நான்கு பக்கங்களை வாசித்துவிட்டேன். பக்கத்திலிருந்து கேட்ட உம்மம்மா, ஓரிடத்தில் என்னை முந்திக்கொண்டு அடுத்த அடியைச் சொன்னார். அவர் வாசிக்கத் தெரியாதவர்; தகப்பனார் வாசிக்கக் கேட்டவர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? எமது சுவடிகளை வாசிப்பதற்கு வெளிநாட்டறிஞர் வரவேண்டியதில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த, தமிழ் பேசும் எந்த இளைஞனும் ஒரு கிழமைப் பயிற்சியில் வாசகனாகலாம். இவ்வளவு எளிதில் வாசிக்கத்தக்க ஒரு மரபு, வாசிப்பாரின்றி அழிவதே வருந்தத்தக்கது.

அழிவுக்குக் கடலைமட்டும் காரணங் கூறல் பொருந்தாது. எமது பயபக்தியும் ஒரு காரணம். ஓதல் எழுத்துள்ள தாள் காலிற் படலாகாதென்று கருதி, கிழிந்த பிரதிகளைக் கடலிலோ ஆற்றிலோ விடுவதும் மண்ணிற் புதைப்பதும் எம்மவர் வழக்கு. இந்துக்களிடத்தும் இதற்கிணையான வழக்குண்டு. தமிழகத்தில் ஆடிப்பெருக்கில் ஏடுகள் ஆற்றில் விடப்பட்டன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் கிடந்த ஏடுகள் ஓமத்தீயில் இடப்பட்டதைத் தாம் கேட்டறிந்த செய்தியை உ. வே. சாமிநாதையர் தமது வரலாற்றிற் பதிவுசெய்துள்ளார். இவ்வழக்குகளை மூடநம்பிக்கையென இகழ்தல் நேர்மையன்று. எழுத்தை மதித்த சமூகமே இவ்வாறு செய்தது. ஆனால் அம்மதிப்பு எழுத்தின் தூய்மையைக் காத்தது, பொருளைக் காக்கவில்லை. முத்திரையின் மதிப்பும் இத்தகையதாகிவிடக் கூடாது என்பதே எமது கவலை. ஒரு பக்கத்தின் உருவத்தை மதித்து, எஞ்சிய பக்கங்களின் பொருளைக் கைவிடும் மதிப்பு, ஏட்டை ஆற்றில் விடும் மதிப்பிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

5

அவ்வாறாயின் எமது கரையோரச் சுவடி முத்திரையேறுதல் வேண்டாமா? வேண்டும். இலங்கையின் முத்திரை ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர் மும்மொழியிலும் அச்சிடப்படுகின்றது. ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லின்கீழ், அறபெழுத்திற் தமிழைத் தாங்கிய ஒரு பக்கம் இடம்பெறுமாயின், இந்நாட்டுத் தமிழ் எத்தனை எழுத்துக்களில், எத்தனை கைகளால் எழுதப்பட்டு வந்தது என்பதை நாட்டின் ஏனைய மக்களும் ஒரு கணம் காண்பர். அக்காட்சிக்குப் பயனுண்டு.

ஆயினும் அதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. இருப்பிடமும் இலக்கமும் இல்லாத சுவடி முத்திரைக்கு வாராது. நூலகம் முதலில், பட்டியல் அடுத்து, முத்திரை அதன் பின். வீட்டார் தமது மூதாதையரின் கிதாபைக் கையளிக்கத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை மதித்தே பணியாற்றலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. இலங்கை மலாயரின் குடும்பங்களிற் பேணப்பட்ட அறபெழுத்துச் சுவடிகள், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ் மின்படிமங்களாக்கப்பட்டன. படிமம் உலகுக்குச் சென்றது; நினைவு வீட்டில் நின்றது. ஒலுவிலில் எமக்கென ஒரு பல்கலைக்கழகம் இயங்குகின்றது. பொத்துவிலிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அங்கு பயிலும் மாணவர் பலர். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தமது குடும்பத்திலும் அயலிலும் உள்ள கையெழுத்துப் பிரதிகளின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எழுதியவர் பெயரையும், வீட்டாரின் சம்மதத்தோடு ஒரு தாளிற் குறித்து வருவாராயின், பட்டியலின் முதற்பகுதி ஓராண்டில் உருவாகிவிடும். இதற்குத் தேவைப்படுவது பணமன்று, சம்மதமும் சலியாமையுமே.

ஐஸ்லாந்தின் முத்திரை எமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே. அந்நாட்டு மக்கள் தமது சுவடிகளின் பெயர்களை அறிந்திருந்தனர். ஆதலாற்றான் முத்திரையிற் கண்டபோது அவற்றைத் தம்முடையனவென உணர்ந்தனர். பெயரறியாத சுவடியை முத்திரையிற் காண்பவன் அழகிய படமொன்றையே காண்பான். எமது சுவடிகளின் பெயர்களை முதலில் நாம் அறிந்துகொள்வோம்.

உம்மம்மா முந்திச் சொன்ன அந்த அடியை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கிதாபில் அவ்விடம் உப்புக்கறையால் மறைந்திருக்கின்றது. அவர் நினைவிலன்றி வேறெங்கும் அது இருக்கவில்லை.